கருப்பசாமி அழக் கூடாத இரவு

குழந்தைகள் வார்டில் இரவுப் பணிக்குப் பெயர் கொடுத்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். கல்லூரியில் சொல்லிக்கொடுத்து, பரீட்சையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் நான் தலையிட வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுராத்திரியில் கண் விழித்து உங்கள் முகத்தைப் பார்க்குமே, அந்த முதல் ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதை நான் எவ்வளவு சிரத்தையாகக் கெடுத்தேன் என்பதைச் சொன்னால் உங்களில் ஒருவராவது கெடுக்காமல் இருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு சின்னக் குழந்தைகள் மருத்துவமனை. பன்னிரண்டு கட்டில். அங்கே நான் ஆண் நர்ஸ். "ஆம்பள நர்ஸா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்காத தாய்மார்கள் குறைவு. நானும் சேர்ந்து சிரிப்பேன். பகலில் எனக்கு ரொம்ப நல்ல பெயர். ரப்பர் கையுறையை ஊதிக் கட்டி, பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து சேவலாக்கிவிடுவேன். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பிள்ளையின் வயிற்றோடு டெலிபோன் பேசுவேன். "ஹலோ, உள்ள யாரு? இட்லியா? சட்னி வந்து சேந்துச்சா?" அழுகிற பிள்ளை சிரித்துவிடும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான் என்பது அந்த ராத்திரிவரை எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பெயர் கருப்பசாமி. இரண்டு வயது. வயிறும் தொடையும் சேருகிற இடத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். குடலிறக்கம். வயிற்றுக்குள் இருக்க வேண்டிய குடல் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பிதுங்கி வந்து, திரும்பிப் போக வழி தெரியாமல் சிக்கிக்கொண்டது. எங்கள் டாக்டரம்மா மயக்க மருந்து கொஞ்சம் கொடுத்தார். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார். பையன் அசந்ததும் விரலால் மெதுவாக, மிக மெதுவாக அழுத்தி அதை உள்ளே அனுப்பினார். அது முடிவதற்குள் என் சட்டையை இரண்டு தடவை பிழிந்து காயப்போட்டிருக்கலாம்.

கையைக் கழுவிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார்: "உள்ள போயிருச்சு. ஆனா ஓட்டை அப்படியேதான் இருக்கு. திருநெல்வேலியில இருந்து சர்ஜன் காலையில ஏழு மணிக்கு வாரார். அதுவரைக்கும் இவன் வீறிட்டு அழக் கூடாது. அழுதான்னா வயிறு முக்கும், குடல் திரும்ப இறங்கிரும். மறுபடியும் சிக்குச்சுன்னா ரத்த ஓட்டம் நின்னு குடல் அழுகிரும். பிறகு பிள்ளை உயிருக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது."

"பால் கேட்டா?"

"பாலும் கிடையாது, தண்ணியும் கிடையாது. டிரிப் ஓடுதுல்ல, போதும். முழிச்சான்னா அழ விடாம தூங்க வை. நீதான் பெரிய வித்தைக்காரனாச்சே."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பையனோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அப்பா, பேச்சிமுத்து. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆடு மேய்க்கிற குடும்பம். இன்னொருவர் அவருடைய அக்கா. கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. சேதி கேட்டு நேராக பஸ் ஏறி வந்துவிட்டார். பையனின் அம்மாவுக்குப் பிரசவமாகி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவர் பச்சைப்பிள்ளையோடு ஊரில்.

ராத்திரி வார்டில் பிள்ளைக்கு ஒரு ஆள்தான் துணை இருக்கலாம், அதுவும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பால் கொடுக்கிற தாய்மார்கள் வரிசையாகப் படுத்திருக்கிற இடம், நியாயமான விதி. ஆனால் கருப்பசாமியை நாங்கள் வார்டில் போடவில்லை. கடைசியில் இருந்த தனி அறையில் போட்டிருந்தோம். அங்கே வேறு தாய்மார்கள் யாரும் இல்லை. விதிக்கான காரணம் வார்டிலேயே நின்றுவிட்டது. விதியை மட்டும் நான் அறைவரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

"பொம்பள ஆள் ஒருத்தர் இருக்கட்டும். நீரு காலையில வாரும்" என்றேன் பேச்சிமுத்துவிடம்.

"அண்ணாச்சி, நான் இங்கன தரையிலயே முடங்கிக்கிடுதேன். ரெண்டு மாசமா அவன் எங்கூடத்தான் கிடையில படுக்கான்."

கிடை என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாது. வெள்ளாமை எடுத்த கரிசல் காட்டில் ராத்திரி ஆடுகளை மடக்கிப் போட்டு, புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகச் சேர விடுவது. காவலுக்கு ஆள் அங்கேயே படுத்துக்கொள்ளும். அம்மாவுக்கு மாதம் ஏறியதிலிருந்து பையனும் அப்பாவோடு அங்கேதான் கட்டிலில் படுத்திருக்கிறான். மனிதர் எனக்குத் தேவையான சேதியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? ஜோக் அடித்தேன்.

"கிடைக்குக் காவல் நீரு, ஆஸ்பத்திரிக்குக் காவல் நான். ஒம்ம ஆடு ஒண்ணும் இங்க இல்ல வே. சத்தம் போடாம வெளிய போய்ப் படும்."

அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டு வெளியே போனார். நான் கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மணி ஒன்று பத்து. அறையிலிருந்து ஒரு முனகல். அழுகை இல்லை, "ங்" என்று ஒரு சின்ன முனகல். எட்டிப் பார்த்தேன். வராந்தா விளக்கின் மங்கலில் கருப்பசாமி கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். அத்தை கீழே பாயில் நல்ல தூக்கம்.

இதுதான் நான் சொன்ன அந்த ஒரு நிமிடம். பிள்ளை இன்னும் முழுதாக விழிக்கவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பாதிப் பிள்ளைகள் தூக்கத்தின் பக்கம் திரும்பிவிடும். நான் டியூப் லைட்டைப் போட்டேன்.

அது ஸ்டார்ட்டர் கெட்ட டியூப் லைட். பளிச், பளிச், பளிச் என்று மூன்று தடவை வெட்டிவிட்டுத்தான் நின்றது. அந்த மூன்று மின்னலிலும் கருப்பசாமிக்குத் தெரிந்தது, சாயங்காலம் அவன் கையைப் பிடித்து ஊசி குத்திய அதே வெள்ளைச் சட்டைக்காரன். அத்தை பதறி எழுந்தார், தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. அவனுக்கு அத்தையை இதற்கு முன் இரண்டு கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தபோது பார்த்த பழக்கம்தான்.

பெரிய அழுகைக்கு முன்னால் பிள்ளைகள் ஒரு மூச்சு இழுப்பார்கள். உள்ளே போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். அந்த மூச்சைப் பார்த்ததும் என் புத்தி கழன்று விழுந்தது. பையிலிருந்த கையுறையை எடுத்து அவசரமாக ஊதினேன். ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு நின்றன. கண் வரைய நேரமில்லை. அப்படியே அவன் முகத்துக்கு நேராக ஆட்டி, "கொக்கரக்கோ!" என்றேன்.

அவன் வீறிட்டான். பன்னிரண்டு கட்டிலும் விழித்துக்கொண்டது.

"ஏ தம்பி, அது என்ன கருமம், ஆட்டு மடி கணக்கா! தூர எறியும்!" என்றார் அத்தை.

எறிந்தேன். அது காற்றை விட்டுக்கொண்டே சுவரெல்லாம் சுற்றி வந்து மறுபடி கட்டிலிலேயே விழுந்தது. பையனைத் தூக்கினேன். டிரிப் குழாய் இழுபட்டது. திரும்பக் கிடத்தினேன். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து "ஹலோ" என்றேன். காலால் ஒரு உதை விட்டான், இட்லி லைன் அறுந்தது. அத்தை "சாமி, அத்தைட்ட வாடா" என்று கையை நீட்டினார். வில்லாக வளைந்து இன்னும் உரக்கக் கத்தினான்.

"நீரு அவனைச் சிரிக்க வைக்கீரா, கொல்லப் பாக்கீரா? ஒம்ம வெள்ளைச் சட்டையப் பாத்துத்தான் பயப்படுதான். மொதல்ல அதக் கழத்தும்!"

கழற்றி மூலையில் வீசினேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "பனியனும் வெள்ளையா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது நான் அவன் டவுசரை விலக்கிப் பார்த்தேன். தட்டையாக இருந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு மேடு. ஒவ்வொரு வீறலுக்கும் அது கொஞ்சம் எழும்பியது.

வராந்தாவில் இருந்த போனுக்கு ஓடினேன். டாக்டரம்மா வீடு அடுத்த தெரு. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"டாக்டர், லேசா இறங்குது. இன்னும் கொஞ்சம் மயக்க மருந்து..."

"கூடாது. சாயங்காலம் குடுத்ததே இன்னும் உடம்புல இருக்கும். மேல குடுத்தா மூச்சு அடங்கிரும். நான் கிளம்பி வாரேன், பத்து நிமிசம். அதுவரைக்கும் யாருட்ட அவன் அடங்குவான்? அப்பன்காரன் எங்க?"

நான் கேட் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கய்யா அவரு?"

"கேட்டுக்கு வெளிய, டாக்டர்."

"பூட்டிட்டியா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அப்போது எனக்கு இரண்டு வழி. அறைக்குப் போய்ப் பையனோடு இன்னும் மல்லுக்கட்டலாம், அல்லது அவனை அத்தையிடம் விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடலாம். அழுகிற பிள்ளையை விட்டுப் போவது பெரிய பாவம் போலத் தெரியும். ஆனால் அழவைப்பதே நான்தான் என்றால் போவதுதான் மரியாதை. ஓடினேன்.

பேச்சிமுத்து படுத்திருக்கவில்லை. கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முதல் சத்தத்திலிருந்தே நின்றிருக்கிறார்.

"கூப்பிட்டிருக்கக் கூடாதாய்யா?"

"சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய."

இடுப்பைத் தடவினேன், மார்பைத் தடவினேன். சாவி சட்டையில். சட்டை அறை மூலையில். திரும்பி ஓடினேன். சட்டையை உதறியதில் சாவி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. நான் பனியனோடு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போவதைப் பார்த்து கருப்பசாமி அழுகையில் இன்னொரு படி ஏறினான். அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. பெரியவர்களே பயந்திருப்பார்கள்.

கேட் திறந்தது. பேச்சிமுத்து என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஆனால் அறை வாசல் வந்ததும் நின்றுவிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் வந்து மோதிய நான் அவர் முதுகில் குத்தினேன்.

"தூக்கும்யா பிள்ளைய!"

"லைட்ட அமத்துங்க அண்ணாச்சி."

அணைத்தால் மேடு எனக்குத் தெரியாது. டிரிப் தெரியாது. பொறுப்பில் இருப்பவன் நான். ஆனால் வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அது பெரிதாவதை மட்டும்தான். வராந்தா விளக்கு போதும் என்று முடிவு செய்து டியூப் லைட்டை அமர்த்தினேன்.

"நீங்களும் உக்காருங்க. யக்கா, நீயும் உக்காரு. ஆள் நின்னா மிரளுவான்."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். பையன் இருட்டில் அழுதுகொண்டிருந்தான். பேச்சிமுத்து நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து "ட்டொக்" என்று ஒரு சத்தம் கொடுத்தார், அதன் வாலில் ஒரு நீளமான "ம்ம்ம்." பிறகு நிறுத்திவிட்டார். பையன் அழுதான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே சத்தம், அதே அளவு. அழுகை கூடினாலும் அவர் கூட்டவில்லை.

மூன்றாவதோ நாலாவதோ சத்தத்துக்கு அழுகையில் ஒரு இடைவெளி விழுந்தது. காது கொடுக்கிறான். மறுபடி அழுதான், ஆனால் இப்போது பாதி அழுகை. அந்த நேரம் பார்த்து பேச்சிமுத்து உட்கார்ந்தபடியே கையை மேலே நீட்டி அவன் நெஞ்சில் வைத்தார். தட்டவில்லை, ஆட்டவில்லை, வைத்தார். கட்டிலிலிருந்து ஒரு சின்னக் கை வந்து அந்தப் பெரிய கட்டைவிரலைப் பிடித்தது.

"ஏன்யா ஓடிப்போய்த் தூக்கல?" என்று காதோடு கேட்டேன்.

"கிடை கலைஞ்சா ஓடக் கூடாது அண்ணாச்சி. நாம ஓடுனா நெசமாவே நரி வந்திருச்சுன்னு அதுக நினைச்சுக்கிடும். நான் இருக்கேன்னு சத்தம் கொடுத்துட்டு உக்காந்துக்கிடணும். அதுகளா படுக்கும்."

கடந்த கால் மணி நேரமாக அந்த அறையில் நரி யார் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டரம்மா வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார். கதவருகே நின்று ஒரு பார்வை பார்த்தார், ஸ்விட்சைத் தொடவில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, டார்ச்சின் வாயை விரலால் மூடி, சிவப்பாகக் கசிந்த வெளிச்சத்தில் குனிந்தார். நான் மூச்சு விடவில்லை. பேச்சிமுத்துவும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நெஞ்சில் வைத்த கை அசையவில்லை. டாக்டரம்மாவின் விரல் அந்த இடத்தில் நெடுநேரம் நின்றது.

"தானா போயிருச்சு" என்றார், உதட்டால் மட்டும்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சத்தமில்லாமல். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சட்டை எங்க?"

"அது பெரிய கதை, டாக்டர்."

"காலையில சொல்லு." அவர் வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சோதனை அதோடு முடியவில்லை. மூன்று மணிக்கு மேல் இருக்கும். பேச்சிமுத்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார், தலை கட்டில் சட்டத்தில், கை பையன் நெஞ்சில். நான் எதிரே தரையில். கருப்பசாமி கண்ணைத் திறந்தான். நேராக என்னைப் பார்த்தான்.

எனக்குள் இருந்த வித்தைக்காரன் துள்ளி எழுந்தான். முகத்தைக் கோணலாக்கு என்றான். அப்பாவை எழுப்பு என்றான். டாக்டரம்மாவைக் கூப்பிடு என்றான். நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். மூச்சு சீராக இருக்கிறதா, வலியில் முகம் சுளிக்கிறானா, காலை மடக்குகிறானா, கை ஊசி வீங்கியிருக்கிறதா. ஒன்றும் இல்லை. வெறும் விழிப்பு. இதைப் பார்க்காமல் சும்மா இருப்பது அலட்சியம், தம்பிகளே; பார்த்த பிறகு சும்மா இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். பார்வையை அவன் கண்ணிலிருந்து எடுத்து அவன் அப்பாவின் கைமேல் வைத்தேன். அசையவில்லை. மூக்கு அரித்தது; சொறியவில்லை. டிரிப் சொட்டுவதை எண்ணினேன். நாற்பது வரை போனேன். என் வாழ்க்கையில் நாற்பது அவ்வளவு பெரிய எண்ணாக இருந்ததில்லை.

அவனும் திரும்பி அந்தக் கையைப் பார்த்தான். கட்டைவிரலை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துக்கொண்டான். நாற்பத்தேழில் கண் மூடிவிட்டது.

ஏழு மணிக்குச் சர்ஜன் வந்தார். பையனை நான் வாங்கி உள்ளே கொண்டுபோவதுதான் வழக்கம். நான் கையை நீட்டவில்லை. பேச்சிமுத்துவைக் கைகால் கழுவச் சொல்லி, பச்சை அங்கியை மாட்டிவிட்டு, மயக்க மருந்து ஏறுகிறவரை அவர் மடியிலேயே இருக்கட்டும் என்று கேட்டேன். சர்ஜன் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தலையசைத்தார். எட்டரை மணிக்கு ஓட்டையை அடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். குடல் நல்ல நிறத்தில் இருக்கிறது என்று சர்ஜன் சொன்னபோது, பேச்சிமுத்துவுக்கு முந்தி நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பணி முடிந்து கிளம்பும் முன் இரவு அறிக்கை எழுத வேண்டும். "இரவு குழந்தை நன்கு உறங்கினான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்: "1.10க்கு விழித்தான். 1.45க்கு உறங்கினான். இடையில் லேசாகக் குடல் இறங்கித் தானே உள்ளே போனது. அழவைத்தது பணியில் இருந்த நான். தகப்பனை வெளியே அனுப்பியதும் நான்."

டாக்டரம்மா இரண்டு தடவை வாசித்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். பேனாவை வாங்கி அதற்குக் கீழே "இன்று முதல் இரவில் தகப்பன் உடன் இருக்கட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னைக்கு நைட்டும் நீதான்" என்றார்.

அன்று ராத்திரி மணிக்கு ஒரு தடவை கதவோரம் நின்று மூச்சையும் டிரிப்பையும் பார்த்தேன். மற்றபடி அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நடுவில் ஒரு தடவை கருப்பசாமி விழித்தானாம். காலையில் அவன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.